அப்புறம் மேடமும் கவுஞ்சிப் பூண்டும்

கொடைக்கானலில் பனியைச் சமாளித்தவர்கள் உண்டு, குரங்கைச் சமாளித்தவர்கள் உண்டு, சீசன் நேரத்து டிராஃபிக்கைச் சமாளித்தவர்கள்கூட உண்டு. ஆனால் அப்புறம் மேடத்திடம் ஒரு நல்ல சேதியைச் சொல்லிவிட்டு, சொல்லப் போன அதே சந்தோஷத்தோடு திரும்பி வந்தவர்கள் ஒருவர்கூடக் கிடையாது.

"மேடம், என் தம்பி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது" என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"சந்தோஷம். அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம், ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்க."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்? கேட்டியா?"

"சிரிச்ச முகமா இருக்காங்க மேடம்."

"ஃபோட்டோவுலயா, நேர்லயா?"

அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டு, "டேய், உண்மையைச் சொல்லு, சந்தோஷமாத்தான் இருக்கியா?" என்று கேட்டேன். அவன் பயந்துபோய் அம்மாவுக்குப் போன் போட்டான். அம்மா அழுதுகொண்டே எனக்குப் போன் போட்டார். நல்லா இருந்த குடும்பம் ஒரு வாரம் ஆடிப்போயிற்று.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கூரியர் கொண்டுவருகிற பையன்கூட "அப்புறம் மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்பான். ஐம்பதைத் தாண்டிய வயது. பழனிக்காரர். புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ, தலையைச் சுற்றி ஒரு மப்ளர். யார் பேசினாலும் மப்ளரை ஒரு காதிலிருந்து மட்டும்தான் விலக்குவார். சொல்கிற ஆள்மேல் முழு நம்பிக்கை வந்தால்தான் இரண்டாவது காது திறக்கும். நான் அங்கே இருந்த வருடங்களில் எனக்கு இரண்டாவது காது திறந்ததே இல்லை.

நாங்கள் வேலை பார்த்தது ஏழு ரோடு பக்கம், ஒரு சாக்லேட் கடையின் மாடியில் இருந்த பி.ஆர். கம்பெனியில். பி.ஆர். என்றால் மக்கள் தொடர்பு. ஒரு ஹோட்டலோ பள்ளிக்கூடமோ சங்கமோ, தன்னைப் பற்றி ஊர் நல்லபடியாகப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டால் எங்களிடம் வரும். நாங்கள் செய்தி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவோம், போர்டு வைப்போம், கூட்டம் கூட்டுவோம். நான் ஃபோட்டோ, வீடியோ எடுக்கிறவள். எழுதுவது, யோசிப்பது, சத்தம் போடுவது எல்லாம் எங்கள் எம்.டி. நாங்கள் செய்த வேலையால் ஏதாவது நடந்ததா என்று ஆராய்ந்து சொல்கிற வேலை அப்புறம் மேடத்துடையது. பெரிய கம்பெனிகளில் எல்லாம் ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கௌரவத்துக்காக எம்.டி.யே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் வேங்கையை அழைத்து நாற்காலி போட்ட கதைதான்.

எம்.டி.யின் ஆராய்ச்சி ஒரு மர ஸ்கேலில் அடங்கிவிடும். பேப்பரில் எங்கள் செய்தி வந்தால் நீளம், அகலம் அளப்பார். அதே இடத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போடுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, அத்தனையும் ஓசியில!" என்பார். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பதெல்லாம் ஸ்கேலுக்குத் தெரியாது.

ஒருமுறை எங்கள் வாடிக்கை ஹோட்டல் ஒன்றில் குரங்கு ஜன்னல் வழியே கைவிட்டு, விருந்தாளியின் தட்டிலிருந்து பூரியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த நாள் பேப்பரில் குரங்கு, பூரி, பின்னால் ஹோட்டலின் பெயர்ப் பலகை, எல்லாம் தெளிவாக ஒரே படத்தில். எம்.டி. ஓடிவந்து ஸ்கேலை எடுத்தார்.

"மேடம், இத்தா பெரிய எடம்! அதுவும் கலர்ல!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம்? ஊரே ஹோட்டல் பேரைப் பாத்துருச்சு."

மேடம் உடனே ஹோட்டலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஏம்ப்பா, பேப்பரைப் பாத்துட்டு ரூம் கேட்டு யாரும் போன் பண்ணாங்களா?"

"நெறைய பேர் பண்ணாங்க மேடம்."

எம்.டி. எங்களைப் பெருமையாகப் பார்த்தார்.

"என்ன கேட்டாங்க?"

"ஜன்னல்ல கம்பி இருக்கான்னு கேட்டாங்க மேடம். இல்லைன்னதும் வச்சுட்டாங்க."

கம்பெனியின் ஆண்டு விழாவில் எம்.டி. நெடுநேரம் பேசினார். கைதட்டல் என்றால் அப்படிக் கைதட்டல். மேடம் வாசலில் நின்றுகொண்டு, வெளியே வந்த ஒவ்வொருவரையும் மடக்கி, "சார் என்ன பேசுனாரு?" என்று கேட்டார். "சூப்பரா பேசுனார்" என்றார்கள். "அதான், என்ன பேசுனார்?" ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அக்கவுண்டன்ட் மட்டும் யோசித்து, "கேக்கு வெட்டுவோம்னு சொன்னாரு" என்றார். மேடம் அதை அறிக்கையாக அச்சடித்து எம்.டி. மேஜையில் வைத்துவிட்டு வந்தார். எம்.டி. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்கப்பாவுக்கு அடிவாரத்துல பஞ்சாமிர்தக் கடை. வழிச்சு நக்கிட்டு 'பிரமாதம்'னு சொல்றவன் ஆயிரம் பேரு. டப்பாவைக் கையில எடுக்கறவன் எத்தனை பேருன்னுதான் நான் சின்னதுலயிருந்து பாத்துக்கிட்டு நின்னேன்" என்பார். சொல்லும்போது, அந்த நக்கிவிட்டுப் போனவர்கள்மேல் இன்னும் கோபம் தீராதது தெரியும்.

அதற்காக அவர் செய்ததெல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. பெரும் கூத்துகளும் உண்டு. ஏரிக்கரைப் படகு சவாரி பற்றி மக்கள் கருத்தைக் கேட்கப் புறப்பட்டவர், ஆட்கள் நகராமல் நிற்கிற இடமாக இருக்க வேண்டும் என்று கட்டணக் கழிப்பறை வரிசையைத் தேர்ந்தெடுத்தார். எதைக் கேட்டாலும் "இல்லீங்க, தெரியாதுங்க, வேணாங்க" என்றே பதில் வந்தது. கொடைக்கானலுக்கே எதிராக ஒரு மக்கள் எழுச்சி இருப்பதாக அறிக்கை தயாராகிவிட்டது. அவசரத்தில் நிற்கிறவன் எதற்குமே இல்லை என்றுதான் சொல்வான் என்று அக்கவுண்டன்ட்தான் எடுத்துச் சொன்னார். அடுத்து சுட்ட சோளக்கருது விற்கிற இடத்துக்குப் போனார். அங்கே வாய் நிறைய சோளம் இருந்ததால் எல்லாவற்றுக்கும் "ம்... ம்" என்று ஆமோதித்தார்கள். கடைசியில் கண்டுபிடித்தது பஸ் ஸ்டாண்டை. வராத பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன்தான் உலகத்திலேயே உண்மை பேசுகிறவன் என்பது மேடத்தின் முடிவு. அதற்குப் பிறகு ஆராய்ச்சிப் பிரிவு அங்கேயே குடியேறிவிட்டது.

இந்த நிலையில்தான் மேல்மலைக் கிராமமான கவுஞ்சியிலிருந்து செல்லையா வந்தார். அங்கே பூண்டு போடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்குத் தலைவர். கூடவே அவர் மனைவி பாப்பாத்தி. செல்லையா போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ ஒரு ஆள், வெளியூரிலிருந்து வந்த மட்டப் பூண்டைக் கலந்து மலைப்பூண்டு என்று விற்கிறார்கள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முழுப் பொய்யிங்க சார். ஆனா வாங்க வர்ற வியாபாரிக இதைக் காட்டி இழுத்தடிக்கிறாங்க. இந்த வருசம் வெளைஞ்சது அம்புட்டும் பரண்ல கட்டித் தொங்குது. இது போனாத்தான் அடுத்த வெதைப்பு."

"மகளைக் காலேஜுல சேக்கணும்" என்றார் பாப்பாத்தி. "ஊருல எல்லா வீட்டுலயும் இப்படி ஒரு செலவு காத்துக் கெடக்குங்க. எங்க பேரைக் காப்பாத்திக் குடுங்க."

எம்.டி.க்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்ல மனிதர். உடனே பேனாவை எடுத்தார். மேடம் தடுத்தார்.

"சார், ரெண்டு நாள் பொறுங்க. மொதல்ல கேட்டுட்டு வர்றேன்."

இரண்டு நாளும் பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டு வந்தார். "சார், இந்த வீடியோவை வியாபாரிகதான் பாத்துருக்காங்க. டூர் வர்ற ஜனங்கள்ல தேடிப் பிடிச்சாத்தான் பாத்த ஆள் கெடைக்குது. கடைகள்ல பூண்டு போய்க்கிட்டுத்தான் இருக்கு. வியாபாரிகளை மட்டும் நேரா கவுஞ்சிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. ஊருக்குச் சொல்ல வேணாம்."

"ஊருக்குச் சொல்லாம செய்றதுக்குப் பேரு பி.ஆரா மேடம்?" என்றார் எம்.டி. "நான் செய்யிறதைப் பாருங்க."

செய்தார். பத்திரிகையாளர் கூட்டம், பேட்டி, மைக் கட்டிய ஆட்டோ. எல்லாவற்றுக்கும் மேலாக, வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் போர்டு. அதிலும் எம்.டி. ஒரு சஸ்பென்ஸ் வைத்தார். வளைவுக்கு முன்னால் சிவப்பு எழுத்தில் கேள்வி: "மலைப்பூண்டில் கலப்படமா?" வளைவைத் தாண்டியதும் பச்சை எழுத்தில் பதில்: "இல்லை! இல்லவே இல்லை!"

பேப்பர் எல்லாம் பூண்டு மணத்தது. எம்.டி. நாற்காலிமேல் ஏறி நின்று, சுவரில் ஒட்டிய செய்திகளை அளந்தார். ஸ்கேல் போதாமல் பக்கத்துத் தையல் கடையிலிருந்து இஞ்ச் டேப் கடன் வாங்கி வரச் சொன்னார். கேக் வந்தது. மேடம் கேக்கை முழுசாகச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றார்.

"இன்னிக்கு ஒரு நாளாவது அதைக் கேக்காம இருங்க மேடம்" என்று எம்.டி. கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் வெள்ளனே என் வீட்டு வாசலில் மேடம். "ஏ புள்ள, கெளம்பு. கேமராவை எடுத்துக்க. வத்தலக்குண்டுக்கு எறங்கி அடுத்த பஸ்ல ஏறணும்."

"எதுக்கு மேடம்?"

"போர்டைப் படிக்கத்தான்."

இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கேள்விப் போர்டும் பஸ்ஸை நேருக்கு நேராகப் பார்த்து, தெளிவாக வந்தது. "மலைப்பூண்டில் கலப்படமா?" என்று வாய்விட்டுப் படித்தேன். வளைவு வந்தது. பஸ் படுத்து எழுந்தது. என் வயிறும் படுத்து எழுந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே குனிந்தேன். எனக்கு முன் சீட்டுக்காரர் குனிந்தார். அவருக்கு முன்னால் ஒரு குடும்பமே பாலிதீன் பைக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. மீதிப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார்கள். மேடம் மட்டும் நட்டுக்குத்தாக உட்கார்ந்து பஸ்ஸைச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வாந்தி எடுத்தியே, நேரா அங்கனதான் பதில் போர்டு இருந்துச்சு. பாத்தியா?"

"இல்ல மேடம்."

"ரொம்ப நல்லது" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் வாந்தி எடுத்ததற்குப் பாராட்டு வாங்கியது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகும் விடவில்லை. இன்னும் மூன்று வளைவுகளில் அவருடைய ஆராய்ச்சிக்கு நான் உதவினேன்.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அதே பஸ்ஸில் வந்த மதுரை அம்மா ஒருவரைப் பிடித்தார். "அக்கா, ஊருக்குப் பூண்டு வாங்கிட்டுப் போறீகளா?"

"வேணாம்மா. பூண்டுல ஏதோ கலப்படமாம்ல?"

"யாருக்கா சொன்னா?"

"யாரு சொல்லணும்? வளைவுக்கு வளைவு போர்டே வச்சுருக்காகளே."

பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர் சேர்ந்துகொண்டார். "இல்லக்கா, கலப்படம் இல்லைன்னுதான் போட்டுருக்காங்க."

"இல்லாத ஒண்ணை இல்லைன்னு சொல்ல இம்புட்டு போர்டு எதுக்குய்யா? எங்க வீட்டுல திருடன் இல்லைன்னு நான் என்ன வாசல்ல எழுதியா வச்சுருக்கேன்?"

டிரைவர் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். அவரும் பூண்டை விட்டுவிட்டார்.

கடைக் கடையாகப் போனோம். எல்லாக் கடையிலும் ஒரே கதை. வீடியோவைப் பார்த்தவர்கள் அப்போதும் யாரும் இல்லை. எங்கள் போர்டையும் பேப்பரையும் பார்த்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். புரளியை வியாபாரிகளிடமிருந்து வாங்கி, நாங்களே செலவு செய்து, ஊர் முழுக்கப் பரப்பிக் கொடுத்திருந்தோம். முன்பு வியாபாரி மட்டும்தான் தயங்கினான். இப்போது கடையில் போய்க்கொண்டிருந்ததும் நின்றுபோயிற்று.

மேடம் ஏரிக்கரைக் கல்மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. "அந்தப் பொம்பளை மகளைக் காலேஜுல சேக்கணும்னு சொல்லிச்சே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எம்.டி. கேட்டுவிட்டு வெளிறிப்போனார். அடுத்த நிமிடமே சமாளித்துக்கொண்டார். "அப்ப போர்டு பத்தலைன்னு அர்த்தம். எழுத்தை இன்னும் பெருசாக்குவோம். நாளைக்குக் கவுஞ்சியில கூட்டம். ரெண்டாம் கட்டத்துக்குச் சம்மதம் வாங்கப் போறோம். மேடம், நீங்க வரலாம். ஆனா வாயைத் தெறக்கக் கூடாது. தெறந்தா நம்ம கம்பெனியில உங்களுக்கு வேலை கெடையாது. நான் வருத்தத்தோடதான் சொல்றேன்."

"சரிங்க சார்" என்றார் மேடம். அவர் 'சரி' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை.

கவுஞ்சி சமுதாயக் கூடத்தில் ஊரே கூடியிருந்தது. எம்.டி. செய்திகளை எல்லாம் நீளமான வேட்டியில் ஒட்டி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டித் தொங்கவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தங்கள் ஊர்ப் பெயரைப் பேப்பரில் பார்த்து ஆட்கள் கைதட்டினார்கள். எம்.டி. நெகிழ்ந்து நின்றார். அப்போது பின்வரிசையில் கேன்வாஸ் ஷூ சத்தம் கேட்டது. மேடம் எழுந்துவிட்டார்.

"எல்லாரும் பாத்தீங்களா?"

"பாத்தோம்!"

"சந்தோஷம். அப்புறம்?"

எம்.டி. கண்ணை மூடிக்கொண்டார். செல்லையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாப்பாத்திதான் பதில் சொன்னார்.

"அப்புறம் என்னங்க அப்புறம். பூண்டு பரண்ல அப்படியே கெடக்கு. போன மாசம் டவுன் கடைக்காரனாச்சும் கேட்டான். இப்ப அவனும் கேக்கல."

"அதுக்குக் காரணம் நாங்கதான்" என்றார் மேடம். மலைப்பாதை, போர்டு, வாந்தி, மதுரை அம்மா, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். 'எம்.டி.' என்ற வார்த்தை ஓர் இடத்திலும் வரவில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை 'நாங்க', 'நாங்க' என்றுதான் சொன்னார். ஊருக்குச் சொல்லவே வேண்டாம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஒரு கிழவர், "ஏலே செல்லையா, நம்ம வாயில நாமளே மண்ணை அள்ளிப் போட ஆளு வச்சமாலே?" என்றார். யாரோ கோபமாக எழுந்தார்கள். யாரோ உட்காரச் சொன்னார்கள். எம்.டி. தன் வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சரிங்கம்மா, நடந்தது நடந்து போச்சு. இப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க?" என்று செல்லையா கேட்டார்.

"அதையும் ஜனங்ககிட்டயே கேட்டுட்டேன். என்ன செஞ்சா பூண்டு வாங்குவீங்கன்னு. எழுதி வச்சா நம்ப மாட்டாங்களாம். அவங்க முன்னாடியே ஒரு பல்லை உரிச்சு நசுக்கி, கையில குடுத்தா மோந்து பாத்து வாங்குவாங்களாம்."

"நாங்களே வெதைப்பூண்டை அப்படித்தான பாத்து வாங்குவோம்" என்றார் கிழவர்.

"வர்றவனுக்கெல்லாம் ஒரு பல்லு நசுக்குனா, நசுக்குன பூண்டை என்ன செய்யிறது?" என்று பாப்பாத்தி கேட்டார். "வீணாப் போகுமே."

மேடம் முழித்தார். அவர் முழித்து நான் பார்த்தது அன்றுதான். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி, "ரசத்துல போடு. குளிருக்குக் குடிச்சுட்டுப் போறான்" என்றாள். கூடமே சிரித்துவிட்டது.

வெளியே வந்ததும் எம்.டி., "மேடம், நான் நேத்து சொன்னது..." என்று ஆரம்பித்தார். செல்லையா குறுக்கே வந்தார். "சார், இந்தம்மா இருந்தாத்தான் சங்கம் உங்களோட பேசும். பாத்துக்கங்க." எம்.டி. வாயை மூடிக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஜீப்பில் மேடத்துக்கு முன்சீட்டைக் கொடுத்துவிட்டு, எங்களோடு பின்னால் ஏறி முட்டியை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

போர்டுகள் எல்லாம் இறங்கின. வியாபாரிகளை எம்.டி.யே ஜீப்பில் கவுஞ்சிக்கும் பக்கத்து ஊரான கிளாவரைக்கும் கூட்டிப்போய், வயலையும் பரணையும் காட்டினார். டவுன் கடைகளில் ஒரு அம்மிக்குழவி, ஒரு அடுப்பு, ஒரு ரசப் பானை. பூண்டு கேட்டால் கண் முன்னே ஒரு பல் நசுங்கும், ரசத்தில் விழும், ஒரு தம்ளர் கைக்கு வரும். எங்கேயும் ஒரு எழுத்துகூட எழுதி ஒட்டக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு.

எம்.டி. பட்ட பாட்டை எழுதி முடியாது. "பி.ஆர். கம்பெனி வாயை மூடிக்கிட்டு இருக்கறதுக்கு எந்த ஊர்ல சம்பளம் குடுப்பாங்க?" என்று புலம்புவார். ஒரு நிருபர் போன் செய்து ரசத்தைப் பற்றிக் கேட்டபோது, மேடம் எதிரில் நின்றதால், "அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்று சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குள் போய் நெடுநேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டார்.

மேடம் தினமும் பஸ் ஸ்டாண்டில் நின்றார். முதலில் எல்லோரும், "கலப்படமாமே?" என்றார்கள். பிறகு, "ஏதோ சொன்னாங்க, ஆனா மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். போகப் போக அந்தப் பேச்சே குறைந்தது. ஒருநாள் திருப்பூரிலிருந்து வந்த ஓர் ஆள், இரண்டு கையிலும் பூண்டுக் கட்டோடு நின்றிருந்தார்.

"தம்பி, மலைப்பூண்டைப் பத்தி ஏதோ புரளியாமே?" என்று மேடம் கேட்டார்.

"புரளியா? என்ன புரளி?" என்றார் அவர்.

மேடம் மப்ளரையே கழற்றிவிட்டார். இரண்டு காதும் திறந்து கிடந்தன. "தம்பி, இன்னொரு தரம் சொல்லு." அவர் சொன்னார். "இன்னொரு தரம்?" அந்த ஆள் பயந்துபோய், பூண்டைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டார். அது திருப்பூர் பஸ் இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஓடிவந்து ஆபீசில் சொன்னோம். எம்.டி. துள்ளி எழுந்தார். பேனா கைக்கு வந்துவிட்டது. "போடு தலைப்பை! 'மலைப்பூண்டுப் புரளி ஒழிந்தது!' பெரிய எழுத்துல!"

நானும் அக்கவுண்டன்ட்டும் மேடமும் மூன்று பேருமாகச் சேர்ந்துதான் பேனாவைப் பிடுங்க முடிந்தது.

அந்தப் பருவம் முடிகிற சமயம் செல்லையாவிடமிருந்து சாப்பிட அழைப்பு வந்தது. எல்லோரும் போனோம். பாப்பாத்தி இலை போடவில்லை. நேராக மேடத்தின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய் ஏணியைச் சாத்தினார்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே ஏறிப் பாருங்க."

மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பரணில் ஏறினார். நான் ஏணியில் நின்று எட்டிப் பார்த்தேன். காலியாகக் கிடந்தது. கட்டித் தொங்கிய கயிறுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பாப்பாத்தி கீழே நின்று, "வெதைக்கு மட்டும் எடுத்து வச்சுட்டேன். மக திண்டுக்கல்லுல காலேஜுல சேந்துட்டா" என்றார். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சோறு ஆறுகிறது என்று எம்.டி. இரண்டு முறை குரல் கொடுத்தார். "இருங்க சார், வர்றேன்" என்று மேலேயிருந்து பதில் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்ததால் அதற்குமேல் யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் புறப்படும்போது பாப்பாத்தி ஒரு பூண்டுக் கட்டை மேடத்தின் மடியில் வைத்தார். பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டவர், வழியில் மன்னவனூர் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. எம்.டி. முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். அவரே டிரைவரின் முழங்கையைத் தொட்டு, மெதுவாகப் போகச் சொல்லிச் சைகை காட்டினார்.

இப்போது நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன். மேடம் இன்னும் அங்கே பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறார். அவர் என் தோளில் தூங்கி வந்த அன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் என் ஸ்வெட்டரின் இடது தோள் முழுக்கப் பூண்டு வாடை. அந்தக் குளிர்காலம் முடிகிறவரைக்கும் நான் அதைத் துவைக்கவே இல்லை.